அப்பா எல்லாவற்றுக்கும் ஏழு போட்டார்

லண்டன் மகள்:
அப்பாவுக்கு வயிற்று டயாலிசிஸ் தொடங்கி இரண்டு வருடமாகிறது. குழாய் வழியாக வயிற்றுக்குள் திரவத்தை விட்டு, பிறகு கழிவோடு பையில் வடித்தெடுப்பது. ஒரு நாளைக்கு நான்கு தடவை, தடவைக்கு இரண்டு லிட்டர். வடிந்த பையைத் தினசரி காலண்டர் தாள் மேல் வைத்து ராசிபலன் படிப்பார். எழுத்து தெளிவாகத் தெரிந்தால் தண்ணீர் சுத்தம். மங்கலாகத் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போன். நர்ஸ் சொல்லிக் கொடுத்தது செய்தித்தாள். ராசிபலன் அப்பாவின் சொந்தச் சேர்க்கை.

கிட்னி பிரெம் சர்வே தெரியும்தானே? நோயாளிகளுக்கான தொண்டு நிறுவனமான கிட்னி கேர் யூகேவும் சிறுநீரக மருத்துவத் துறையினரின் சங்கமான யூகே கிட்னி அசோசியேஷனும் சேர்ந்து 2016 முதல் நடத்துவது. பிரிட்டன் முழுக்க சிறுநீரக நோயாளிகளிடம் அவர்களுக்குக் கிடைக்கும் சிகிச்சை அனுபவம் பற்றிக் கேட்கிறார்கள். 1 என்றால் ஒருபோதும் இல்லை, 7 என்றால் எப்போதும். உருதுவிலும் குஜராத்தியிலும் வந்திருக்கிறது, தமிழில் நான் பார்த்ததில்லை. அதனால் நான் வாசிக்க, அவர் மார்க் சொன்னார்.

"ஏழு." அடுத்தது. "ஏழு." கேள்வியை முடிக்கும் முன்பே ஏழு. "உசிரைக் காப்பாத்துறவங்களுக்கு மார்க் குறைக்கச் சொல்றியா?" என்று கோபம் வேறு. சிகிச்சை முடிவுகளில் உங்களையும் சேர்த்துக்கொள்கிறார்களா என்ற கேள்விக்கும் ஏழுதான். இரவில் தூங்கும்போது மெஷின் மாற்றுவதா, பகலில் கையால் பை மாற்றுவதா என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. என்னிடம்தான் கேட்டார்கள், நானும் பதில் சொல்லிவிட்டேன். அவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

இரவு மெஷின்:
உங்கள் அப்பா மாதிரி எல்லாரும் ஏழு போட்டால் சர்வே எதற்கு? ஆனாலும் தேசிய முடிவுகளில் முடிவெடுப்பதில் பங்கு என்ற பகுதி வருடாவருடம் கீழேதான் கிடக்கிறது. டயாலிசிஸ் ஊசி குத்துவதும் நோயாளிகளை ஏற்றிப்போகும் ஆஸ்பத்திரி வண்டியும் அதற்குத் துணை. மரியாதை, அந்தரங்கம் பற்றிய பகுதி மேலே நிற்கும், அதில் எனக்கும் குறையில்லை.

நான் மார்க் குறைத்தது வேறு இடத்தில். ஒரு சனிக்கிழமை இரவு பை கஞ்சித் தண்ணீர் மாதிரி வந்தது, வயிற்றில் வலி. அவசர எண்ணைக் கூப்பிட்டால் பொது வார்டுக்குப் போனது. எடுத்தவருக்கு வயிற்று டயாலிசிஸ் என்றால் என்னவென்றே தெரியவில்லை. "காலையில் பேசுங்கள்" என்றார். நான் காத்திருக்கவில்லை, நேரே எமர்ஜென்சிக்குப் போனேன், வடிந்த பையையும் தூக்கிக்கொண்டு. பெரிட்டோனைட்டிஸ், அதாவது வயிற்று உள்சவ்வில் தொற்று. அப்புறம் இரண்டு வாரம் பைக்குள்ளேயே ஆன்டிபயாடிக். தேவைப்படும்போது குழுவைத் தொடர்புகொள்ள முடிகிறதா என்ற கேள்விக்கு 2 போட்டு, அந்த இரவைக் கருத்துப் பெட்டியில் முழுக்க எழுதினேன். மூன்று மாதம் கழித்து எண்ணை மாற்றினார்கள். என் படிவத்தாலா, வேறு யாராவது கத்தியதாலா, தெரியாது.

முன்னாள் ஹீமோ:
ஆஸ்பத்திரி மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் ஹீமோ டயாலிசிஸுக்காக வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி வண்டிக்காகக் காத்திருந்தவன் நான். வீட்டில் செய்யும் வயிற்று டயாலிசிஸுக்கு மாறியபின் வண்டி பற்றிய கேள்வியே எனக்கு ஏறக்குறைய பொருந்தாமல் போனது. மாறாக, வீட்டுக்குள் திரவப் பைகளின் அட்டைப்பெட்டி மலை. கூடத்தில் சோபாவை எடுத்துவிட்டோம். அதைப் பற்றித்தான் கேட்க மாட்டேன் என்கிறார்கள்!

லண்டன் மகள்:
கருத்துப் பெட்டி விஷயத்தை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் படிவத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லி, முடிவெடுப்பதைப் பற்றிய அந்த ஒன்றை மட்டும் ஐந்தாக்கினார். இரவு பை மாற்றும்போது இரண்டு தடவை கேட்டார்: "ரொம்பக் குறைச்சிட்டேனோ?"