தொடர்ந்து படிக்கும் தளங்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள், எப்போது நீக்குகிறீர்கள்?

கேள்வி

வணக்கம். நல்ல கட்டுரை ஒன்றைப் படித்தவுடன் அந்தத் தளத்தின் புதிய இடுகைகளைத் தானாகத் தெரிவிக்கும் செய்தியோடையை, பல தளங்களின் இடுகைகளை ஓரிடத்தில் காட்டும் திரட்டியில் சேர்த்துவிடும் பழக்கம் எனக்கு உண்டு. நீக்கும் பழக்கம்தான் வரவில்லை. படிக்காமல் கிடப்பவற்றின் எண்ணிக்கையைப் பார்த்தாலே திரட்டியைத் திறக்க மனம் வருவதில்லை என்பதால், சமூக ஊடகம் எதை முன்னால் கொண்டுவந்து வைக்கிறதோ அதையே படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தளத்தைத் தொடரலாம் என்று எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்? முன்பின் அறியாத தளத்தில் காணும் தகவலை எப்படிச் சோதிக்கிறீர்கள்?

மறுமொழி 1

தளங்கள் எத்தனை என்பதைவிட அவை எவ்வளவு வேகமாக எழுதுகின்றன என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நாள் முழுவதும் செய்தி வெளியிடும் ஒரு தளமும், மாதம் ஒரு கட்டுரை மட்டும் எழுதும் ஒருவரின் வலைப்பதிவும் நேரவரிசைப்படி ஒரே பட்டியலில் கலந்து வந்தால், பின்னது கண்ணில் படவே படாது. ஆனால் திரட்டி உண்மையில் பயன்படுவது அந்த இரண்டாவது வகைக்குத்தான். செய்தித் தளத்தை வேண்டும்போது நேரடியாகத் திறந்துகொள்ளலாம், அரிதாக எழுதுபவர் இன்று எழுதியிருக்கிறாரா என்று தினமும் போய்ப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. ஆகவே வேகமாக எழுதுபவற்றை முதலில் நீக்குங்கள். மிஞ்சியிருப்பவற்றை ஒருமுறை 'அனைத்தும் படிக்கப்பட்டன' என்று குறித்துவிடுங்கள். திரட்டி ஒன்றும் கடன்கணக்கு அல்ல.

சேர்ப்பதற்கு ஒரு நல்ல கட்டுரை போதாது. பழைய இடுகைகள் சிலவற்றைப் புரட்டி, எழுதுபவர் மூல ஆவணத்துக்குச் சுட்டி தருகிறாரா அல்லது தம் இடுகைகளுக்குள்ளேயே வாசகரைச் சுற்றவிடுகிறாரா என்று பார்ப்பேன். பிழை ஒன்றை யாராவது எடுத்துக்காட்டியபோது திருத்தக் குறிப்பைச் சேர்த்தாரா, சத்தமில்லாமல் வரியை மாற்றினாரா என்பது அதைவிட முக்கியம். வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் பழைய பிரதி சேமிக்கப்பட்டிருந்தால், ஒப்பிட்டு இதைக் கண்டுகொள்ளலாம்.

மறுமொழி 2

உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அறியாத தளத்தை அந்தத் தளத்துக்குள்ளேயே இருந்துகொண்டு மதிப்பிட முயல்வதுதான் பெரும்பாலோர் வழக்கம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் 10 வரலாற்றாய்வாளர்கள், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 இளநிலை மாணவர்கள் ஆகியோரிடம் சில இணையப் பக்கங்களைக் கொடுத்து, அவற்றை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று கவனித்தார்கள். வரலாற்றாய்வாளர்களும் மாணவர்களும் பக்கத்தின் வடிவமைப்பு, சின்னம், முகவரியின் இறுதிப்பகுதி போன்றவற்றால் எளிதில் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ பக்கத்தை முழுதும் படிக்கும் முன்பே புதிய தாவல்களைத் திறந்து, அந்த அமைப்பைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கும் வந்தார்கள். 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தில் எவரும் தம்மைப் பற்றித் தாழ்வாக எழுதிக்கொள்வதில்லை அல்லவா? டாட் ஆர்க் (.org) என்று முடியும் முகவரியும் நம்பகத்தன்மைக்குச் சான்று அல்ல, அதை யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம்.

மறுமொழி 3

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் நாமே தொகுத்த பட்டியல் என்பதாலேயே அது நடுநிலையானது ஆகிவிடாது. அமெரிக்க எழுத்தாளர் ஈலை பாரிசர் 2011இல், நமக்குப் பிடித்தவை மட்டுமே கண்ணில் படும் நிலையை வடிகட்டிக் குமிழி என்று எழுதியபோது தேடுபொறிகளும் சமூக ஊடகங்களும் செய்யும் தேர்வைத்தான் குறை கூறினார். எனினும் நமக்குப் பிடித்தவர் பரிந்துரைத்தவரை, பிறகு அவர் பரிந்துரைத்தவரை என்று சேர்த்துக்கொண்டே போனால், எந்த அல்காரிதத்தின் உதவியும் இல்லாமல் அதே குமிழியை நாமே ஊதிக்கொள்வோம். ஐந்து பதிவர்கள் ஒன்றையே சொல்லும்போது ஐவரும் ஒரே மூலத்தைத்தான் சுட்டுகிறார்களா என்று பாருங்கள். அப்படியானால் அது ஒரு சான்றுதான். நீக்கும்போதும், அலுப்பூட்டுகிறவரை நீக்குகிறோமா, நமக்கு உடன்பாடில்லாத கருத்தைச் சொல்பவரை நீக்குகிறோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பின்னவர் ஆதாரத்தோடு எழுதுபவராக இருந்தால் நான் நீக்குவதில்லை, எரிச்சலோடுதான் படிக்கிறேன்.

இன்னொன்று: தளங்களின் பட்டியலை, மற்ற திரட்டிகளும் படிக்கக்கூடிய ஓபிஎம்எல் (OPML) கோப்பாகத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் நடத்திவந்த கூகுள் ரீடர் என்ற திரட்டி 2013 ஜூலையில் மூடப்பட்டபோது, அந்தக் கோப்பைக் கையில் வைத்திருந்தவர்கள் வேறு திரட்டிக்குச் சிரமமின்றி மாறிக்கொண்டார்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. வேகமாக எழுதும் தளங்களை இன்றே நீக்கிவிடுகிறேன். நான் படிக்கும் சிலர் இப்போது மின்னஞ்சல் மடலாக மட்டுமே எழுதுகிறார்கள். அவற்றையும் திரட்டிக்குள் கொண்டுவர வழி உண்டா?

மறுமொழி 1

உண்டு. சப்ஸ்டாக் என்ற மின்னஞ்சல் மடல் சேவையில் எழுதுபவர் என்றால் அவருடைய தள முகவரியின் இறுதியில் சாய்கோடு இட்டு ஃபீட் என்று ஆங்கிலத்தில் (/feed) சேர்த்தால் செய்தியோடை கிடைத்துவிடும். வேறு சேவைகளைப் பயன்படுத்துபவர்களுக்கு, மடல்களைப் பெறத் தனி மின்னஞ்சல் முகவரி வழங்கும் திரட்டிகள் இருக்கின்றன. அந்த முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்.