ஃபேரிங்: காற்றுக்கவசமா, வளிக்கூடா?

நண்பர்களுக்கு வணக்கம். பைக் பாகங்களுக்கு நாம் போடுகிற தமிழ்ச்சொல் பட்டியலில், வண்டியின் முன்னும் பக்கமும் மூடியிருக்கிற ஓடான ஃபேரிங்குக்கு ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஃபேரிங் = காற்றுக்கவசம். தலைக்கவசம் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் இதுவும் எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

அப்படி ஒட்டிக்கொள்ளும் என்பதுதான் என் கவலை. வண்டி சாய்ந்தால் தலைக்கவசம் ஆளைக் காப்பாற்றும். ஃபேரிங் முதல் ஆளாக உடையும். அதனால்தான் பைக் பந்தயத்துக்குப் போகிறவர்கள் கம்பெனி பிளாஸ்டிக்கைக் கழற்றிப் பத்திரமாக வீட்டில் வைத்துவிட்டு, விலை குறைந்த கண்ணாடியிழை செட்டை மாட்டிக்கொண்டு இருங்காட்டுக்கோட்டை, கோவை கரி ஸ்பீட்வே போன்ற பந்தயப் பாதைகளுக்குக் கிளம்புகிறார்கள். உடைவதற்கென்றே மாட்டுகிற பொருளைக் கவசம் என்றால் எப்படி?

அதன் வேலை காற்றைத் தடுப்பதும் இல்லை, கிழித்து இரு பக்கமும் வழுக்கி ஓட விடுவதுதான். மோட்டோ கூட்ஸி கம்பெனி 1950-லேயே காற்றுச்சுரங்கம் கட்டிச் சோதித்தது இதைத்தான். அந்தக் காலப் பந்தய வண்டிகளில் முன்சக்கரம் வரை முழுசாக மூடியிருப்பார்கள். நேரே போகும்போது வேகம் பிரமாதம், ஆனால் பக்கக்காற்று அடித்தால் வண்டியையே தள்ளிவிடும். 1958 முதல் சர்வதேச மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பு அந்த வகையைத் தடை செய்துவிட்டது. ஆக, பொருளின் கதை முழுக்கக் காற்றின் கதை. ஓட்டுபவரைக் காப்பது அதில் ஒரு ஓரம்தான்.

என் பரிந்துரை வளிக்கூடு. வளிமண்டலம் படித்த யாருக்கும் வளி புரியும். கூடு என்றால் எலும்புக்கூடு நினைவுக்கு வருகிறது, அது வண்டியின் பிரேமுக்குத்தானே பொருந்தும் என்று சேலத்து ஐயா கேட்டிருந்தார். பிரேமுக்குச் சட்டகம் இருக்கிறதே ஐயா. நத்தைக்கூடும் கூடுதானே, வெளியே இருக்கிற மெல்லிய ஓடு.

இதோடு முடித்துவிடலாம் என்றால் பட்டறை விடாது. தருமபுரியில் பெயின்டர் அண்ணனுக்கு போன் போட்டு, "அண்ணா, ஃபைபர் செட் ஒண்ணு பழசு வாங்கியிருக்கேன், பெயின்ட் அடிக்கணுங்க" என்றால் அவர் பாதி விஷயத்தைத்தான் புரிந்துகொள்வார். நம் ஊரில் கம்பெனி பிளாஸ்டிக்கும் ஃபைபர்தான், கண்ணாடியிழையும் ஃபைபர்தான். முகப்பு விளக்கைச் சுற்றியிருப்பது டூம், மற்றதெல்லாம் பாடி. ஆனால் வேலை இரண்டுக்கும் ஒன்றில்லை. பிளாஸ்டிக் என்றால் உள்பக்கம் ஏபிஎஸ், பிபி என்று அதன் வகை அச்சிட்டிருக்கும். பிபி என்றால் அதற்கென்று இருக்கிற பிளாஸ்டிக் பிரைமர் அடிக்காமல் பெயின்ட் நிற்காது, தோல் மாதிரி உரிந்து வரும். கண்ணாடியிழையில் தொல்லை வேறு. பழைய ஸ்டிக்கரை ஹீட் கன் காட்டி உரித்து, 320 உப்புத்தாள் போட்டதும் ஊசிமுனை அளவில் ஓட்டைகள் கண்ணைத் திறக்கும். பட்டி வைத்து அத்தனையையும் அடைத்து, மறுபடி தேய்த்து, எபாக்சி பிரைமர் ஏற்றிய பிறகுதான் கலர். பட்டி வைக்காமல் கலர் அடித்தால் ஒவ்வொரு ஓட்டையும் வெயிலில் தனித்தனியாகத் தெரியும். எனவே நெகிழிக்கூடு, இழைக்கூடு என்று இரண்டு சொல் தேவை. பந்தயத்துக்கென்று மாட்டுவதைப் பந்தயக்கூடு என்றால் அது பயனைச் சொல்லும், இழைக்கூடு எதில் செய்தது என்பதைச் சொல்லும். கார்பனில் செய்த பந்தயக்கூடும் உண்டு என்பதால் இரண்டையும் குழப்ப வேண்டாம்.

(தேய்க்கும்போது பறக்கிற தூள் உடம்பெல்லாம் அரிக்கும், முழுக்கைச் சட்டை போடுங்கள். ஹார்டனர் கலந்த பெயின்ட்டில் நுரையீரலுக்குக் கெடுதலான ஐசோசயனேட் இருக்கிறது, கைக்குட்டை கட்டினால் போதாது. சித்திரை வெயிலில் மதியம் அடித்தால் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து சொரசொரவென்று விழும்.)

அடுத்தது, இன்ஜினுக்குக் கீழே வருகிற பாகம். ஓசூர் நண்பர் அதற்கு "அடிமூடி" என்று எழுதியிருந்தார். டிவிஎஸ் ஊர்க்காரர், ஃபேரிங் உள்ள அப்பாச்சி ஆர்ஆர் 310 பைக்கை 2017-இல் வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பவர். சாலை வண்டிக்கு அவர் சொல் சரி. பந்தயக்கூட்டில் அது மூடி இல்லை. இன்ஜின் வெடித்தால் ஆயிலும், இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட்டும் பாதையில் கொட்டிப் பின்னால் வருகிறவர் வழுக்கக் கூடாது. அதனால் மொத்த ஆயில், கூலன்ட் அளவில் பாதியையாவது தாங்கிப் பிடிக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. மழைநீர் வடிய 25 மில்லிமீட்டர் ஓட்டை இருக்கலாம், ஆனால் காய்ந்த பாதையில் அது அடைத்திருக்க வேண்டும். அப்படியானால் அது தொட்டி. அடித்தொட்டி என்றே வைப்போம்.

இந்தச் சொல்லால் வாங்குகிறவருக்கும் லாபம் உண்டு. பெங்களூரிலோ சென்னைப் புதுப்பேட்டையிலோ பழைய செட் பார்க்கும்போது எல்லாரும் முகப்பைத்தான் தடவிப் பார்ப்பார்கள், ஏனென்றால் கலர் அங்கேதான் மினுக்கும். தொட்டி என்று மனதில் இருந்தால் கை தானாகக் கீழே போகும்: அடியில் கீறல் இருக்கிறதா, ஓட்டைக்கு ரப்பர் அடைப்பான் இருக்கிறதா, உள்பக்கம் ஆயில் ஊறியிருக்கிறதா. ஆயில் ஊறிய இழையில் பெயின்ட் அடித்தால் மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும். சோப்பு போட்டுக் கழுவி, கிரீஸ் நீக்கும் திரவத்தால் துடைத்த பிறகுதான் உப்புத்தாளையே தொட வேண்டும். தேய்த்துவிட்டுக் கழுவினால் எண்ணெயை உள்ளே தேய்த்து ஏற்றியதுதான் மிச்சம். திருகு ஓட்டைகளையும் பார்க்க வேண்டும். முன்பு வைத்திருந்தவர் தன் வண்டிக்கு ஏற்றபடி துளைத்திருப்பார், நம் வண்டியில் அரை அங்குலம் தள்ளி நிற்கும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். பந்தயக்கூட்டில் விளக்குக்கு இடமே இருக்காது. அதை மாட்டிக்கொண்டு தொப்பூர்க் கணவாயில் சுற்றலாம் என்று யாராவது நினைத்தால், அது சட்டப்படி செல்லாது.

பாக்கி இருப்பது இரண்டு. கூட்டை வண்டியோடு பிணைக்கிற, கால்வாசிச் சுற்று திருப்பினால் கழன்றுவிடுகிற அந்த ஆணிக்கு "காற்சுற்றாணி" என்று ஒருவர் எழுதியிருந்தார். காலில் சுற்றுகிற ஆணி போலக் கேட்கிறது. "கால்திருப்பு" கொஞ்சம் தேவலை, ஆனால் எனக்கு முழுத் திருப்தி இல்லை.

இன்னொன்று ஜெல்கோட், அதாவது கண்ணாடியிழைப் பாகத்தின் வெளிமுகமாக நிற்கிற பிசின் பூச்சு. பட்டியலில் "மேற்பூச்சு" என்று இருக்கிறது. பார்வைக்கு அது மேலேதான். ஆனால் அச்சுக்குள் முதலில் பூசுவது அதைத்தான், பிறகுதான் இழையும் பிசினும். அதற்கும் மேலே நாம் அடிக்கிற கலரையும் மேற்பூச்சு என்றால் பெயின்டர் எதைத் தேய்ப்பார்? "முகப்பூச்சு" என்று வைக்கலாமா? அழகுசாதனம் போல இருக்கிறது என்று யாராவது சொல்வீர்கள். வேறு நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள், கிருஷ்ணகிரி நண்பர் வெள்ளிக்கிழமை பட்டியலைப் பூட்டப் போகிறாராம்.