புதுப்பிப்பு: நீலமாகிப்போன டைட்டேனியக் குழாய்

மாமாவின் செயற்கைக் காலில் இருந்து கழற்றிய டைட்டேனியக் குழாயை, நெளிவெடுக்கவென்று கிளிநொச்சிப் பட்டறையில் காஸ் அடித்துச் சூடாக்கினார்கள், நீலமாகிவிட்டது, திரும்பப் பூட்டலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பூட்டவில்லை.

நீலம் வெறும் ஒட்சைட்டுப் படலம்தான். அது தடிக்கத் தடிக்கப் பொன், ஊதா, நீலம் என்று நிறம் மாறும். அதோடு நின்றிருந்தால் பயமில்லை. ஆனால் சுவாலை நேராகப் பட்ட இடத்தில் நீலத்தையும் தாண்டிச் சாம்பல் நிறப் பொருக்கு. நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது. ஏறத்தாழ 600 பாகை செல்சியசுக்கு மேல் காற்றில் கிடந்தால் ஒட்சிசன் உலோகத்துக்குள்ளேயே இறங்கிவிடும். மேல்தோல் கடினமாகும், கூடவே நொறுங்கும் தன்மையும் வரும். நடக்க நடக்க மயிரிழை வெடிப்பு தொடங்குவது அங்கேதான்.

“திரும்பச் சூடாக்கித் தண்ணீரில் தோய்” என்றார் ஒருவர். அது உருக்குக் கத்தி அடிக்கிறவர்களின் யோசனை! 6 வீதம் அலுமினியம், 4 வீதம் வனேடியம் உள்ள டைட்டேனியக் கலப்புலோகத்தை 950 பாகையளவில் சூடாக்கித் தோய்த்து, பிறகு 500 பாகைக்குச் சற்று மேலே சில மணிநேரம் வைத்து வலுவாக்குவது உண்மைதான். ஆனால் உள்ளே போன ஒட்சிசன் அதனால் வெளியே வராது. அந்தத் தோலைச் சீவியோ அமிலத்தில் கரைத்தோதான் எடுக்கவேண்டும். மெல்லிய குழாயில் அப்புறம் என்ன மிஞ்சும்?

சரி, புதுக் குழாய்க்குச் சொல்லியாயிற்று. அதுவரை மாமாவுக்கு ஊன்றுகோல்தான்.