நன்றாகத்தானே போய்க்கொண்டிருந்தது? வேலை பறிபோன மேலாளர்களும் நாமும்

தூக்கம் கெட்டவன், சென்னை

2025 மே 21. நம் நேரப்படி நள்ளிரவு பன்னிரண்டரைக்கு ஆட்டம். காலையில் அலுவலகம் போக வேண்டும் என்று வீட்டில் முணுமுணுத்தார்கள், நான் காதில் வாங்கவில்லை. பதினேழு ஆண்டுகளாகக் கோப்பையையே பார்க்காத என் அணி, லண்டனின் டாட்டன்ஹாம், ஸ்பெயினின் பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வென்று யூரோப்பா லீக்கை எடுத்தது. அழகான கோல் என்றும் சொல்ல முடியாது. பந்து யார் மேல் பட்டு உள்ளே போனது என்பது நான்கு முறை திருப்பிக் காட்டியும் எனக்கு விளங்கவில்லை. சத்தம் போட்டால் குழந்தை எழுந்துவிடும் என்பதால் தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

பதினாறாம் நாள் மேலாளர் ஆஞ்ச் போஸ்டகாக்லுவை அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் ஆண்டில் நான் எப்போதும் ஏதாவது வெல்வேன் என்று அவர் சொன்னபோது சிரித்தவர்கள் பலர். சொன்னபடி வென்றார், வெளியே போனார். இங்கிலாந்து லீகில் 38 ஆட்டங்களில் 22 தோல்வி, இருபது அணிகளில் பதினேழாம் இடம் என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை.

வேலையை ஒழுங்காகச் செய்தும் நீக்கப்பட்டவரைப் பக்கத்திலிருந்து பார்த்த அனுபவம் யாருக்காவது உண்டா? அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.

சவுத்தாம்ப்டனில் படித்தவன்

எனக்கு உண்டு. என் கைக்குட்டைகளும் அதில் போயின.

முதுகலை படிக்கப் போன வருடம். கூட இருந்த ஆங்கிலேயப் பையன் அந்த ஊர்க்காரன், அவனால்தான் எனக்குக் கால்பந்துப் பைத்தியம் பிடித்தது. நைஜல் அட்கின்ஸ் 2010 செப்டம்பரில் மேலாளராக வந்தபோது சவுத்தாம்ப்டன் அணி மூன்றாம் பிரிவில் கிடந்தது. அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகளில் இரண்டு படி ஏற்றி, முதல் பிரிவான பிரீமியர் லீகில் கொண்டுவந்து நிறுத்தினார். இந்த மனிதர் முன்பு ஸ்கன்தார்ப் என்ற சிறிய கிளப்பில் பிசியோதெரபிஸ்ட். வலித்த காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தவரையே அங்கே மேலாளராக்கினார்கள். மொரினோ (உலகப் புகழ் மேலாளர்) எதற்கு, நம் பிசியோ இருக்கிறாரே என்று அந்த ஊரில் பாடுவார்களாம். நண்பன் பாத்திரம் கழுவும்போதெல்லாம் இதைப் பாடுவான்.

2013 ஜனவரி 16, புதன்கிழமை. செல்சி மைதானத்தில் 0-2 என்று பின்தங்கி, 2-2 என்று சமன் செய்தோம். வெள்ளிக்கிழமை அட்கின்ஸ் நீக்கம். அணி பதினைந்தாம் இடத்தில் இருந்தது, கடைசிப் பன்னிரண்டு லீக் ஆட்டங்களில் இரண்டே தோல்வி. மாற்றாக வந்தவர் மௌரிசியோ பொச்செட்டினோ. ஸ்பெயினின் எஸ்பான்யோல் அணியில் வேலை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது, செய்தியாளர்களிடம் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பேசினார்.

திங்கட்கிழமை இரவு எவர்ட்டனுடன் ஆட்டம். வெள்ளைக் கைக்குட்டை ஆட்டி எதிர்ப்பைக் காட்டுவோம் என்று ரசிகர்கள் பேசிவைத்தார்கள். ஸ்பெயினில் உள்ள வழக்கம் அது, வருகிறவருக்கு அர்த்தம் விளங்கும். சிக்கல் என்னவென்றால், இந்தத் தலைமுறை ஆங்கிலேயர்களிடம் கைக்குட்டையே கிடையாது, மூக்கைத் துடைக்கக் காகிதம்தான். நண்பன் என் அறைக்கு வந்து, "உன்னிடம் எத்தனை இருக்கிறது?" என்றான். திருச்சி தெப்பக்குளத்துக் கடையில் அம்மா ஒரு டஜன் வாங்கிப் பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார். எட்டு மிச்சம் இருந்தன. எடுத்துக்கொண்டு போய் எங்கள் வரிசையில் விநியோகித்தேன். அம்மா எல்லாவற்றையும் சொட்டு நீலத்தில் முக்கித்தான் அனுப்பியிருந்தார். விளக்கு வெளிச்சத்தில் மற்றவர்களுடையது வெள்ளையாக இருக்க, எங்கள் வரிசை மட்டும் வெளிர்நீலமாக ஆடியது. எவர்ட்டனின் நிறம் நீலம் என்பது பின்வரிசைக்காரர் ஒருவர் முறைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆட்டம் 0-0. கைக்குட்டை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

இனிச் சொல்வதுதான் எனக்குச் சங்கடமானது. மார்ச் வாக்கில் அந்த அணி ஆடிய ஆட்டம் அவ்வளவு அழகு. பந்து போன மறுகணம் மூன்று பேர் பாய்ந்து அதைப் பிடுங்குவார்கள். அந்த ஆண்டு பதினான்காம் இடம், அடுத்த ஆண்டு எட்டாம் இடம். யாரை எதிர்த்துக் கைக்குட்டை ஆட்டினேனோ அவருக்காகவே தொண்டை கட்டக் கத்தினேன். அப்படியென்றால் அட்கின்ஸை நீக்கியது சரியா என்று நண்பனிடம் கேட்டேன். "தப்புதான். வந்தவர் நல்லவராக அமைந்தது நம் அதிர்ஷ்டம், அவர்களுடைய நியாயம் இல்லை" என்றான். பத்து வருடங்களுக்கு மேல் ஆகியும் இதில் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

தூக்கம் கெட்டவன், சென்னை

அந்தப் பொச்செட்டினோவையும் எங்கள் டாட்டன்ஹாம் ஆட்கள் 2019 நவம்பரில் நீக்கினார்கள். சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி ஆடி ஆறு மாதம்கூட ஆகவில்லை. மறுநாள் காலையில் அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் யார் தெரியுமா? மொரினோ. நண்பரிடம் சொல்லுங்கள், பாட்டு பலிக்கவில்லை. அந்த மொரினோவையும் 2021இல் லீக் கோப்பை இறுதிக்கு ஆறு நாள் முன்னால் அனுப்பினார்கள் என்பது வேறு கதை.

வார்டு மருத்துவர்

எனக்கு அப்போது கிரிக்கெட் மட்டும்தான் தெரியும். நியூகாசிலில் இளநிலை மருத்துவராக இருந்தேன். 2010 டிசம்பர் 6, ஊரெல்லாம் பனி. கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் மூச்சிரைப்புக்காக வார்டில் இருந்தார். மாலை ரவுண்ட்ஸில் பார்த்தால் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறியிருந்தது. பட்டையை அவிழ்த்து மறுபடியும் கட்டிப் பார்த்தேன், அதே அளவு. மார்பு வலிக்கிறதா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் சுவரில் இருந்த தொலைக்காட்சியைக் காட்டினார். நியூகாசில் கால்பந்து அணியின் மேலாளர் கிறிஸ் ஹியூட்டன் நீக்கம்.

அடுத்த அரை மணி நேரம் எனக்குப் பாடம் நடந்தது. 2009இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய அணி. தற்காலிகமாகப் பொறுப்பேற்ற ஹியூட்டன் 102 புள்ளிகளோடு அதைச் சாம்பியனாக்கி மேலே கொண்டுவந்தார். அக்டோபர் கடைசி நாள் பரம வைரியான சண்டர்லாண்டை 5-1 என்று அடித்தார்கள். (இந்த வரியை மட்டும் பெரியவர் மூன்று முறை சொன்னார்.) அடுத்த வாரம் ஆர்சனலை அவர்கள் மண்ணிலேயே வென்றார்கள். முந்தின நாள் வெஸ்ட் பிராமிடம் தோற்றும் பதினோராம் இடம், மேலே ஏறி வந்த முதல் வருடத்தில். கிளப் சொன்ன காரணம், இன்னும் அனுபவமுள்ள மேலாளர் தேவை. "வேலையில் இருந்தால்தானே அனுபவம் வரும்? கடையில் போய் வாங்கவா முடியும்?" என்று கேட்டுவிட்டு இருமினார்.

புதிதாக வந்த ஆலன் பார்டியூவுக்கு ஐந்தரை ஆண்டு ஒப்பந்தம் என்ற செய்தி வந்தபோது, நான் அந்தக் கட்டில் பக்கமே போகவில்லை. அந்தச் சனிக்கிழமை லிவர்பூலை 3-1 என்று வென்றார்கள். பெரியவர் கைதட்டவில்லை, ஆனால் ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. கேஸ் ஷீட்டில் காரணம் எழுதவில்லை.

அதே ஹியூட்டன் பிறகு பிரைட்டனை 2017இல் பிரீமியர் லீகுக்கு ஏற்றி, இரண்டு ஆண்டுகள் கீழே விழாமல் காத்தார். 2019இல் கடைசி ஆட்டம் முடிந்த மறுநாள் அங்கிருந்தும் நீக்கினார்கள்.

பழைய நோட்டுக்காரன், மதுரை

என்னுடையது சிறிய அனுபவம். 2003 ஜூனில் ரியல் மாட்ரிட் லீக் பட்டம் வென்ற படத்தை நாளிதழிலிருந்து வெட்டி, மைதாப் பசை காய்ச்சி நோட்டில் ஒட்டினேன். பக்கத்தைத் திறந்தபடியே காயப் போட்டிருந்தேன். அடுத்த நாளிதழில் மேலாளர் விசென்டே டெல் போஸ்கே போய்விட்டார் என்று செய்தி. பட்டம் வென்ற மறுநாளே! நான்கு ஆண்டுகளில் இரண்டு சாம்பியன்ஸ் லீக், இரண்டு லீக் பட்டம் வாங்கித் தந்த மனிதர். அடுத்த ஆண்டு மாட்ரிட் கடைசி ஐந்து லீக் ஆட்டங்களையும் தோற்று நான்காம் இடத்தில் முடித்தது. மீசைக்காரர் 2010இல் ஸ்பெயினுக்கு உலகக் கோப்பையே வாங்கித் தந்துவிட்டார். அந்தப் படமும் அதே நோட்டில், எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. ஏழு வருடம் அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தேன் என்று சொன்னால் மனைவி நம்புவதில்லை.

மட்காவில் குடியிருந்தவன்

நம் நாட்டுக் கதை ஒன்றும் இருக்கட்டும். கோவாவின் மட்காவ் ஊரில் வேலை பார்த்த காலம். வீட்டுக்கார ஆன்ட்டி எஃப்சி கோவா ஆடும் நாளில் வாடகை கேட்க வர மாட்டார், அவ்வளவு பக்தி. 2020 ஜனவரி முடியும் நேரம், அணி இந்தியன் சூப்பர் லீக் பட்டியலில் முதலிடம், மீதம் மூன்றே லீக் ஆட்டங்கள். பயிற்சியாளர் செர்ஜியோ லொபேராவை நீக்கினார்கள். ஆன்ட்டி இரண்டு நாள் எங்களோடு பேசவில்லை. நாங்கள் என்ன செய்தோம் என்று தெரியவில்லை.

கிளிஃபர்ட் மிராண்டா பொறுப்பேற்றார், உள்ளூர்க்காரர். மூன்று ஆட்டங்கள், 4-1, 5-2, 5-0. பதினான்கு கோல்! பட்டியலில் முதலிடம் பிடிப்பவருக்கான லீக் ஷீல்டும் வந்தது, ஆசிய சாம்பியன்ஸ் லீக் குழுச் சுற்றுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியக் கிளப் என்ற பெயரும் வந்தது. "கோச் இல்லாமலே வண்டி ஓடுகிறதே" என்றேன். "சாவியைக் கழற்றினாலும் இறக்கத்தில் வண்டி ஓடும்" என்றார் ஆன்ட்டி. என் ஸ்கூட்டர் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரியும்.

அரையிறுதியில் எதிரே யார் என்றால் எங்கள் சென்னையின் எஃப்சி. பிப்ரவரி 29 அன்று சென்னை நேரு விளையாட்டரங்கில் 4-1 என்று நாங்கள் வென்றோம். மறு ஆட்டம் மட்காவில், அதுவும் நேரு விளையாட்டரங்கம்தான். நேருவிலிருந்து நேருவுக்கு ஒரு ராத்திரி பஸ் பயணம். அங்கே கோவா 4-2 என்று வென்றும் மொத்தக் கணக்கில் 6-5 என்று நாங்கள் இறுதிக்குப் போனோம். ஆன்ட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் நான் ஒரு கோலுக்கும் எழுந்திருக்கவில்லை. இவ்வளவுக்கும் அதே பருவத்தில் எங்கள் அணி ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றி என்று திணறியபோது ஜான் கிரிகரி விலகி, ஓவன் காயில் வந்துதான் அதைத் தூக்கி நிறுத்தினார். ஆளை மாற்றிப் பிழைத்த ஊர்க்காரனான எனக்கு இதில் பேசும் தகுதி கொஞ்சம் குறைவுதான். லொபேரா அடுத்த பருவமே மும்பை சிட்டிக்குப் போய் ஷீல்டையும் கோப்பையையும் சேர்த்து வாங்கினார். அன்று ஆன்ட்டி எனக்கு பிரியாணி கொடுத்தனுப்பினார்.

கணக்குப்பிள்ளை

படித்தேன், ரசித்தேன். ஆனால் ஒன்று. இவர்களெல்லாம் ஒப்பந்த இழப்பீட்டை வாங்கிக்கொண்டு, அடுத்த ஊரில் அடுத்த நாற்காலி தேடிக்கொள்கிறவர்கள். இவர்களுக்காக நாம் எதற்குத் தூக்கம் கெட வேண்டும்?

பழைய மாஸ்டர், குமரி மாவட்டம்

கணக்குப்பிள்ளைக்கு என் கணக்கைச் சொல்கிறேன். எனக்கு இழப்பீடு கிடைக்கவில்லை, ஒரு பந்துக்குப் பணம் பிடித்தார்கள்.

கடற்கரையை ஒட்டிய ஒரு பள்ளியில் இரண்டு வருடம் கால்பந்து பயிற்சியாளராக இருந்தேன். பெயர் வேண்டாம். பிள்ளைகள் எல்லாம் மீன்பிடிக் குடும்பங்கள், மணலில் ஓடியே கால் உரம் ஏறியவர்கள். முதல் சுற்றில் தோற்றுத் திரும்புகிற அணி, இரண்டாம் வருடம் மாவட்ட இறுதிக்குப் போய் டைபிரேக்கரில் தோற்றது. திங்கட்கிழமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். பாராட்டப் போகிறார்கள் என்று இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். இன்னும் அனுபவமுள்ளவர் தேவைப்படுகிறார் என்றார்கள். மேலே மருத்துவர் எழுதிய அந்த வரியைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நியூகாசிலிலிருந்து நம் கடற்கரை வரைக்கும் ஒரே வாசகம்தான் போல.

சாமான்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். எழுத்தர் பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு எண்ணினார். கூம்பு இருபத்து நான்கு, சரி. பயிற்சி பனியன் இருபது, சரி. காற்றடிக்கும் பம்ப் ஒன்று, ஊசி வளைந்திருக்கிறது, பரவாயில்லை. பந்து பத்து இருக்க வேண்டும், ஒன்பதுதான் இருந்தது. பத்தாவது கடலுக்குள் போய்விட்டது. பையன்கள் நீந்திப் போய்த் தேடியும் கிடைக்கவில்லை. "கடல் என்று எழுத இதில் இடம் இல்லை, மாஸ்டர்" என்றார் அவர். கடைசிச் சம்பளத்தில் பிடித்தார்கள்.

அடுத்த வருடம் அந்த மைதானப் பக்கம் போகக் கூடாது என்றிருந்தேன். வட்டாரப் போட்டி நாளில் கால் தானாகப் போனது. மதிலுக்கு வெளியே நின்று பார்த்தேன். புதியவர் நன்றாகத்தான் தயார் செய்திருந்தார். என் காலத்தில் இல்லாத ஒழுங்கு பின்வரிசையில் தெரிந்தது, ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாம் பாதியில் ஒரு கார்னர். இரண்டு பையன்கள் கொடியருகே போய், யார் அடிப்பது என்று தள்ளுமுள்ளு செய்தார்கள். எதிரணி அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது மூன்றாமவன் வந்து சட்டென்று தட்டிவிட்டான். கோல். அந்தப் பொய்ச் சண்டை நான் சொல்லிக்கொடுத்தது. மழை நாளில் வகுப்பறை பெஞ்சுகளை நகர்த்திவிட்டு ஒத்திகை பார்த்தது.

ஆட்டம் முடிந்ததும் நழுவப் பார்த்தேன், அதற்குள் பையன்கள் பார்த்துவிட்டார்கள். புதிய பயிற்சியாளர் மதிலைச் சுற்றிக்கொண்டு வந்தார். என்னைவிட வயதில் சிறியவர். "மாஸ்டர், அந்த கார்னர் உங்களுடையதாமே? எதிரணி சண்டையை நம்பாமல் முன்கம்பத்தில் ஆள் நிறுத்தினால் என்ன செய்வது? பையன்களுக்கு அது தெரியவில்லை" என்று கேட்டார்.

அதற்கு வேறொரு வழி இருந்தது, சொல்லிக்கொடுப்பதற்குள் என்னை அனுப்பிவிட்டார்கள். செருப்பு நுனியால் மணலில் வரைந்து காட்டினேன். அவர் குனிந்து போனில் படம் எடுத்துக்கொண்டார்.