கவுன்சலிங் லிஸ்ட்: எண்பது கல்லூரியை எப்படிக் குறைப்பது? (புனைபெயர்களில் நடந்த உரையாடல்)

மலைக்கோட்டை: தங்கச்சிக்குக் கட் ஆஃப் 200க்கு 183.5. பொறியியல் கவுன்சலிங்குக்காகக் குறித்துவைத்த கல்லூரிகள் எண்பதைத் தாண்டிவிட்டன. நாங்கள் திண்டுக்கல். அப்பா டீக்கடை வைத்திருக்கிறார், நான் பாலிடெக்னிக் முடித்து வேலைக்குப் போகிறேன். அவளுக்கு இசிஇ (மின்னணு, தகவல்தொடர்புப் பொறியியல்) வேண்டும், ஹாஸ்டல் வேண்டாம் என்கிறாள். லிஸ்ட்டை எதை வைத்துக் குறைப்பது, ஃபீஸா, விருப்பமா?

கணக்குப்பிள்ளை: ஃபீஸ்தான் தம்பி. வருடத்துக்கு எவ்வளவு கட்ட முடியும் என்று அப்பாவிடம் கேட்டு எழுதிக்கொள். அதைத் தாண்டுகிற கல்லூரியை அடித்துவிடு. காரைக்குடி, நெல்லை, சேலம் அரசுக் கல்லூரிகளை மேலே வை. விருப்பமெல்லாம் மிச்சம் இருப்பதில் பார்க்கலாம்.

ஓரம்போ: சார், கவுன்சலிங்கில் வரும் சீட்டுக்குத் தனியார் கல்லூரிகளின் கல்விக் கட்டணத்தை அரசு அமைத்த குழுதான் நிர்ணயிக்கிறது. 2017இல் வருடத்துக்கு 50,000 ரூபாய், என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள படிப்புக்கு 55,000 என்று வைத்தார்கள். எண்பதில் எழுபது தனியார் என்றால், இந்த ஐயாயிரம் வித்தியாசத்தை வைத்து எதை அடிப்பது? படிக்கப்போகிற பெண்ணுக்குப் பிடித்ததை வரிசையாகப் போடட்டும். எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் கொடுக்கலாம், குறைக்கவே தேவையில்லை.

கணக்குப்பிள்ளை: டியூஷன் ஃபீஸை யார் சொன்னது? ஆளைக் கவிழ்ப்பது 'இதர கட்டணம்' என்ற ஒரு வரி. என் பையனைச் சேர்க்கப் போன அன்று இன்னொரு தாளை நீட்டினார்கள். பஸ், யூனிஃபார்ம், பிளேஸ்மென்ட் டிரெயினிங். முதல் வருடம் பிளேஸ்மென்டுக்கு என்ன டிரெயினிங் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கூட்டிப் பார்த்தால் கல்விக் கட்டணத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

ஓரம்போ: அப்படியென்றால் நேரில் போய் விசாரித்து அடியுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காசு குறைவு என்பதற்காகப் பிடிக்காத பாடப்பிரிவில் சேர்ந்து வருடத்துக்கு நாலு அரியர் வைத்தவன் நான். அதுவும் செலவுதான் சார்.

ரெண்டாவது ரவுண்டு: "எண்பதையும் போடு" என்பதைக் கேட்டுவிடாதே தம்பி. என் அக்கா மகள் அப்படித்தான் சும்மா ஒரு கல்லூரியை மேலே போட்டுவைத்தாள். கையில் நல்ல சீட் இருந்தது, 'அக்செப்ட் அண்ட் அப்வேர்டு' கொடுத்தாள், அதாவது இது இருக்கட்டும், லிஸ்ட்டில் இதற்கு மேலே உள்ளது காலியானால் அதைக் கொடுங்கள் என்று. மேலே இருந்தது காலியானதும் தானாக அங்கே மாற்றிவிட்டார்கள், பழைய சீட் போய்விட்டது. புதிய இடத்துக்கு பஸ்ஸில் ஒன்றே முக்கால் மணி நேரம். போகமாட்டோம் என்று தெரிந்த கல்லூரி லிஸ்ட்டில் கடைசி வரியில்கூட இருக்கக் கூடாது.

ஓரம்போ: இது சரியான பாயின்ட். குறைக்கத் தேவையில்லை என்றதை வாபஸ் வாங்குகிறேன். இசிஇ முதலில் என்பதை வாங்கமாட்டேன்.

கணக்குப்பிள்ளை: ஹாஸ்டல் வேண்டாம் என்பதையும் இன்னொரு தடவை கேளுங்கள். அரசுக் கல்லூரியில் கட்டணம் சொற்பம். அதோடு ஹாஸ்டல், மெஸ் பில்லைச் சேர்த்து, தனியார் கல்லூரி ஃபீஸும் பஸ் கட்டணமும் ஒரு பக்கம் எழுதிப் பார். வீட்டிலிருந்து போனால் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே.

மலைக்கோட்டை: நேற்று ராத்திரி அவளிடம் கேட்டேன். ஹாஸ்டல் பிடிக்காமல் இல்லையாம். "அப்பா எங்கே போய்க் கட்டுவார்" என்று அவளாகவே முடிவு பண்ணியிருக்கிறாள். உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். காரைக்குடியும் நெல்லையும் மேலே ஏறிவிட்டன. பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிற தனியார் எல்லாம் அவுட். இப்போது 26. நாளை ஒவ்வொன்றாகப் போன் போட்டு அந்த 'இதர' என்ன என்று கேட்கப்போகிறேன்.

ரெண்டாவது ரவுண்டு: முதல் பட்டதாரிச் சான்று வாங்கியாச்சா? நீ படித்தது டிப்ளமோ, அது பட்டம் ஆகாது. வீட்டில் வேறு பட்டதாரி இல்லையென்றால் அவளுக்குக் கட்டணச் சலுகை உண்டு.

மலைக்கோட்டை: இல்லையே அக்கா! நான் படித்திருப்பதால் கிடைக்காது என்று விட்டுவிட்டோம். காலையில் முதல் வேலை இ-சேவை மையம்தான்.