‘டெசிரேயின் குழந்தை’: கடைசிக் கடிதம் யாருக்குத் தண்டனை?

கரிசல்வாசகி கேட்டது:

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒன்பது பேர். மாதம் ஒரு அயல்மொழிச் சிறுகதையை ஒருவர் தமிழாக்கிக் கொண்டுவந்து வாசிக்க வேண்டும். இந்த மாதம் என் முறை. அமெரிக்க எழுத்தாளர் கேட் ஷோப்பன் எழுதி 1893-ல் வெளியான ‘டெசிரேயின் குழந்தை’யை வாசித்தேன். முடித்ததும் நாலைந்து பேர், “அவனுக்கு நல்லா வேணும்” என்றார்கள். எனக்கு அந்த நிம்மதி வரவே இல்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

படிக்காதவர்களுக்காகக் கதை. அமெரிக்கத் தெற்கில், லூசியானாவில், அடிமைமுறை இருந்த காலம். வால்மோந்தே பண்ணையின் வாசல் தூண் நிழலில் தூங்கிக் கிடந்த குழந்தை டெசிரே. பெற்றவர்கள் யாரென்று தெரியாது. வளர்ந்து நிற்கும் அவளைப் பக்கத்துப் பண்ணையின் அர்மான் ஒபினி பார்த்த மாத்திரத்தில் விரும்புகிறான். பிறப்புத் தெரியாத பெண், யோசித்துக்கொள் என்கிறார் வளர்ப்புத் தந்தை. லூசியானாவின் மிகப் பழமையான பெயர்களில் ஒன்று என்னிடம் இருக்கிறது, அதை அவளுக்குக் கொடுத்தால் போயிற்று என்பது இவன் எண்ணம். கல்யாணம் ஆகிறது, மகன் பிறக்கிறான். மூன்று மாதத்தில் வீட்டில் ஏதோ மாறுகிறது. அர்மான் அவள் கண்ணைப் பார்த்துப் பேசுவதில்லை. ஒரு மத்தியானம் லா பிளான்ஷ் என்ற அடிமைப் பெண்ணின் மகன் மயிலிறகு விசிறியால் குழந்தைக்கு வீசிக்கொண்டிருக்கிறான். டெசிரே அவனைப் பார்க்கிறாள், தன் பிள்ளையைப் பார்க்கிறாள், மறுபடி அவனைப் பார்க்கிறாள்.

இதற்கு என்ன அர்த்தம் என்று புருஷனிடம் கேட்கிறாள். குழந்தை வெள்ளையில்லை, அப்படியென்றால் நீ வெள்ளையில்லை என்கிறான். என் தலைமுடியைப் பாருங்கள், கண்ணைப் பாருங்கள், உங்கள் கையைவிட என் கை வெளுப்பு என்று அவள் கெஞ்சுகிறாள். லா பிளான்ஷின் கையளவு வெளுப்புதான் என்கிறான். வளர்ப்புத் தாய், குழந்தையோடு என்னிடம் வந்துவிடு என்று எழுதுகிறாள். அர்மானும் போகச் சொல்கிறான். டெசிரே வால்மோந்தே சாலையில் போகவில்லை. மெல்லிய உடுப்போடு வெற்று வயலைக் கடந்து, ஓடைக்கரைக் கோரைக்குள் பிள்ளையோடு போனவள் திரும்பவே இல்லை.

சில வாரம் கழித்து அர்மான் தொட்டிலையும் அவள் பட்டுடைகளையும் கடிதங்களையும் எரிக்கிறான். அவள் கடிதங்கள் இருந்த இழுப்பறையில் ஒரு பழைய தாளும் கிடக்கிறது. அவன் அம்மா அவன் அப்பாவுக்கு எழுதியது. தானே அடிமைப்பட்ட இனத்தவள் என்பது மகனுக்குத் தெரியப்போவதில்லை என்று அதில் கடவுளுக்கு நன்றி சொல்கிறாள். கதை அங்கே முடிகிறது.

மொழிபெயர்க்கும்போது கெஞ்சும் அந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்ப எழுதினேன். முடி, கண், கை என்று ஒவ்வொன்றாக அவள் சாட்சி சொல்கிறாள். அவனிடம் யாரும் சாட்சி கேட்கவில்லை. வளர்ப்புத் தாயும் கேட்கவில்லை. பிள்ளைக்கு நிறம் இருவரில் யாரிடமிருந்தும் வந்திருக்கலாம்; ஆனால் கேள்வி ஒருத்தி பக்கம் மட்டும் போகிறது. கடைசிக் கடிதத்தையும் அவன் ஒருவன்தான் படிக்கிறான். பக்கத்தில் நெருப்பு எரிகிறது. அதையும் போட்டுவிட்டால் பண்ணை அவனுடையது, பெயர் அவனுடையது. இதில் தண்டனை எங்கே? வட்டத்தில் இதைச் சொன்னபோது, “இது நிறவெறிக் கதை, புருஷன் பெண்டாட்டி விவகாரத்தை ஏன் கொண்டுவருகிறீர்கள்” என்றார் ஒருவர். இரண்டையும் பிரிக்க முடியுமா?

பழைய வக்கீல் எழுதியது:

அம்மா, பிரிக்க முடியாது. அன்றைய சட்டமே பிரிக்கவில்லை. லூசியானாவின் 1825 சிவில் சட்டப்படி வெள்ளையருக்கும், அடிமையாக இல்லாத கறுப்பினத்தவருக்கும் நடக்கும் திருமணம் செல்லாது. அடிமையோடு நடப்பதும் செல்லாது. ஆகவே “நீ வெள்ளையில்லை” என்று அர்மான் சொன்ன கணத்தில் அவள் மனைவியும் இல்லை என்றாகிறது. வழக்கு, விசாரணை, ஜீவனாம்சம் எதுவும் கிடையாது. ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு முடிந்தது.

இதே சட்டத்தை அவன் பெற்றோர் பக்கம் திருப்பிப் பாருங்கள். அவர்கள் பாரிஸில் வாழ்ந்தார்கள். மகனுக்கு எட்டு வயதாகும்போது, மனைவி இறந்தபின்தான் தகப்பன் அவனை லூசியானாவுக்குக் கூட்டிவருகிறார். அந்த அம்மாளுக்குத் தன் நாட்டின் மேல் அவ்வளவு பிரியம், விட்டு வர மனமில்லை என்று ஊரில் பேச்சு. உண்மைக் காரணம் கடைசி வரியில்தான் தெரிகிறது. அவரும் அதிகாரமுள்ள கணவர்தான். ஆனால் மனைவிக்காகப் பண்ணையை விட்டுப்போய் வாழ்ந்திருக்கிறார்.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு அந்தத் தடை கொஞ்ச காலம் நீங்கியிருந்தது. கதை வந்த மறுவருடம், 1894-ல், லூசியானா அதைத் திரும்பக் கொண்டுவந்தது. நாடு முழுக்க இப்படிப்பட்ட சட்டங்கள் விழுந்தது 1967-ல், வர்ஜீனியா தம்பதியின் வழக்கில். இன்னொன்று: லூசியானா சட்டத்தில் கணவனுக்கு ‘தலைவனும் எஜமானனும்’ என்றே பட்டம் இருந்தது. இருவர் பெயரிலும் இருந்த வீட்டை ஒரு கணவர் மனைவிக்குத் தெரியாமலே அடமானம் வைத்தார். அந்த அதிகாரம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1981-ல். நான் அப்போது வக்கீல் தொழிலுக்கு வந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. இவ்வளவு பிந்தியா என்று இன்றும் மனசு ஆறவில்லை.

வெள்ளாவி எழுதியது:

அக்கா, உங்க கேள்வி சரி. ஆனா நீங்களும் டெசிரேயோட நின்னுட்டீங்க. லா பிளான்ஷ் எங்கே? அவ பேருக்கே ‘வெள்ளைக்காரி’ன்னுதான் அர்த்தம். பார்க்க வெள்ளை, ஆனா அடிமை. குழந்தை அழுற சத்தம் லா பிளான்ஷ் குடிசை வரைக்கும் கேட்டுச்சுன்னு அர்மான் சொன்னதா கதையில ஒரு வரி போகிற போக்குல வருது. அவனுக்கு அங்கே என்ன வேலை? அவ பையன் யார் சாயல்? ஷோப்பன் சொல்லல, என் வாசிப்பு இது. அடிமைத்தாய்க்குப் பிறந்த பிள்ளை அடிமைதான், அப்பன் யாரா இருந்தாலும். அப்போ அந்தப் பையன் தன் தம்பிக்கே விசிறிக்கிட்டு நிக்கிறான். டெசிரேயாவது ‘நான் வெள்ளை’ன்னு வாதாடலாம். லா பிளான்ஷுக்கு ஒரு வார்த்தை பேசக்கூட கதையில இடம் இல்லை.

அதனால இதோட சேர்த்து அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஸோரா நீல் ஹர்ஸ்டனோட ‘வேர்வை’ சிறுகதையைப் படிங்க. 1926-ல நியூயார்க்கோட கறுப்பினப் பகுதியான ஹார்லத்து இளைஞர்கள் நடத்தி ஒரே ஒரு இதழோட நின்னுபோன ‘ஃபயர்’ பத்திரிகையில வந்தது. ஃபுளோரிடாவுல டீலியான்னு ஒருத்தி, பதினஞ்சு வருஷமா வெள்ளைக்காரங்க துணி வெளுத்து, அந்தக் காசுல வீடு வாங்கினவ. ஞாயித்துக்கிழமை ராத்திரி தரையில உக்காந்து துணி பிரிக்கிறா. பாம்புன்னா உசிரே போயிடும் அவளுக்கு. புருஷன் சைக்ஸ் பின்னாடி வந்து சாட்டையை அவ தோள் மேல விடுறான், பாம்பு மாதிரி. பிரிச்சு வச்ச துணியை உதைச்சுத் தள்ளுறான். வெள்ளைக்காரன் துணி என் வீட்டுக்குள்ள வரக்கூடாதுங்கறான். அவ வெளுத்து வாங்கின வீடு, அவனுக்கு ‘என் வீடு’.

எங்க பாட்டி ஊருக்கு வெளுத்தவங்க. அந்த இடத்தைப் படிச்சப்போ புத்தகத்தை மூடி வச்சுட்டேன்.

அந்தக் கதையில கடைத் திண்ணையில ஒரு ஆள் சொல்வாரு: சில ஆம்பளைங்க பொண்டாட்டியைக் கரும்பு மாதிரி மென்னு, சாறு போனதும் சக்கையாத் துப்பிடுவாங்கன்னு. பேச்சு அருமை. ஆனா அந்தத் திண்ணையில இருந்து ஒருத்தரும் எழுந்து போய் அவனைத் தடுக்கல. கடைசியில அவளுக்காக அவன் கொண்டு வந்த பாம்பு அவனையே கடிக்குது. அவன் கூப்பிடுறது கேட்டும் டீலியா உள்ள போகல. மலைவேம்பு மரத்தடியில நிக்கிறா. அதைத் தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

கரிசல்வாசகி:

வக்கீல் ஐயா, அந்த 1825 சட்டம் எனக்குத் தெரியாது. வட்டத்தில் கட்டாயம் சொல்கிறேன். வெள்ளாவி, நீ சொன்னது உண்மை. என் கைப்பிரதியை எடுத்துப் பார்த்தேன். லா பிளான்ஷ் குடிசை வரும் அந்த வரியை நான் அவசரத்தில் ‘தூரத்துக் குடிசை வரை’ என்று எழுதியிருக்கிறேன். பெயரையே விட்டுவிட்டேன். ஒன்பது பேரும் அதைக் கேட்கவே இல்லை. இன்றே திருத்துகிறேன். பெயரின் அர்த்தத்தையும் அவள் முதலில் வரும் இடத்திலேயே வைத்துவிடுகிறேன்.

‘வேர்வை’யை அடுத்து நானே தமிழாக்கப் போகிறேன். துணி பிரிப்பது, எண்ணுவது, வெள்ளையை மட்டும் முதலில் ஊறவைப்பது, இதற்கெல்லாம் உங்கள் பாட்டி என்ன சொல்வார்கள்? அகராதிச் சொல்லை அங்கே வைக்க மனமில்லை.

வெள்ளாவி:

எண்ணுறதுக்கு உருப்படின்னுதான் சொல்லும், ‘இத்தனை உருப்படி’ன்னு. மத்ததை ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போறேன், பக்கத்துல உக்காந்து கேட்டு எழுதுறேன் அக்கா. கதையையும் அதுக்குச் சொல்லணும்.