டொக்டர் எதைக் கேட்டாலும் அம்மம்மா "ஓம்" என்கிறார். என்ன செய்யலாம்?

வெருகல்காரன்:
நாங்கள் ஈச்சிலம்பற்றுப் பக்கம், கடலோர வேடர் (ஆதிக்குடி) குடும்பம். பேச்சு தமிழ்தான், ஆனால் அம்மம்மாவின் தமிழ் ரவுன் ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடாது. போன கிழமை மூச்சு வாங்கியது. 1990 அம்புலன்ஸுக்கு அடித்து, திருகோணமலைக்குக் கொண்டுவந்தோம்.

டொக்டர் சிங்களத்தில் கேட்கிறார், மிஸ் (தாதி) தமிழில் சொல்கிறார், அம்மம்மா தலையாட்டுகிறார். "நோவு இருக்கா?" ஓம். "நோவு இல்லையா?" அதற்கும் ஓம். அவர்களைக் குறை சொல்லவில்லை, வார்ட் நிரம்பி வழிகிறது. பின்னேரம் நான் போனால்தான் மெல்லச் சொல்கிறார்: "ராவிலே படுக்க ஏலாதடா, குந்திக்கொண்டுதான் இருக்கிறன்."

உவர்மலை அன்ரி (ஓய்வுபெற்ற தாதி):
தம்பி, அந்தக் கடைசி வசனத்தை இன்றைக்கே சொல்லுங்கள். படுத்தால் மூச்சு முட்டி, நிமிர்ந்தால் இலகுவாகிறது என்றால், இருதயம் களைத்து நுரையீரலில் நீர் கோர்த்திருக்கலாம். எத்தனை தலையணை, காலில் வீக்கமா என்றும் பார்த்து வையுங்கள்.

காலை ரவுண்டுக்கு முன் வார்ட் சிஸ்டரிடம் கேட்டு, வீட்டுப் பெண் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். "ஓம்" வராத மாதிரிக் கேட்க வேண்டும்: "ராத்திரி எப்படிப் படுத்தீர்கள்?"

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை உங்கள் பக்கத்து நோயாளிகள் பாதையில் (வாகனம் ஏற்றும் மிதவைப் படகில்) ஏறி வருவார்கள். கரை சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். அது ஒரு காலம்.

ரொறொன்ரோ மருமகன்:
இங்கே ஒன்ராறியோவின் வடமேற்கில் சூ லுக்கவுட் என்றொரு சின்ன ஊர். அங்குள்ள மெனோ யா வின் மருத்துவமனைக்கு 2010இல் புதுக் கட்டடம் திறந்தார்கள். விமானத்தில் மட்டுமே போய்வரக்கூடிய ஆதிக்குடி ஊர்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஒஜிப்வே, கிரீ, ஒஜி-கிரீ பேசுகிற மொழிபெயர்ப்பாளர்களைச் சம்பளத்துக்கே வைத்திருக்கிறார்கள். வேட்டையாடிய மூஸ் மான் இறைச்சியைக்கூட அனுமதி வாங்கி நோயாளிக்குச் சமைத்துக் கொடுக்கிறார்கள். அங்கே அது ஆஸ்பத்திரியின் வேலை, வீட்டாரின் வேலை அல்ல.

வெருகல்காரன்:
சிஸ்டர் சம்மதித்தார். சின்னம்மா நின்று, "எப்படிப் படுத்தனீங்கள்?" என்று கேட்டதும் அம்மம்மா நடித்தே காட்டிவிட்டார். டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்து, நீர் போகிற மருந்து தொடங்கியிருக்கிறார்கள். நேற்று இரண்டு தலையணையில் சாய்ந்து தூங்கினாராம்.

மூஸ் மான் வேண்டாம், வள்ளிக்கிழங்கு கேட்கிறார். உப்புப் போடாமல் அவித்துக் கொண்டுபோகலாமா அன்ரி?